ஒரு குன்றின் காற்றுக்குப் பட்டா: ரோக்ஃபோர் சீஸின் பின்னணி

சிவப்பு முட்டை வடிவத்துக்குள் ஒரு செம்மறியாடு. ரோக்ஃபோர் சீஸை எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும் பொதியின் மேல் இந்த முத்திரை இருக்கும். தாளைப் பிரித்தால் மேல்தோல் எதுவும் இல்லாத, ஈரம் மினுங்குகிற வெள்ளைக் கட்டி. வெட்டிய முகத்தில் நீலமும் பச்சையும் கலந்த பொட்டுகள், சிறு குழிகள். கூர்ந்து பார்த்தால் மேலிருந்து கீழாக, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல ஒரு நீலக் கோடும் தென்படும். அது ஊசி போன தடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வாயில் வைத்தால் முதலில் உப்பு. அடுத்து வெண்ணெய். விழுங்கிய பிறகு தொண்டையோரம் மிளகு கடித்த மாதிரி ஒரு சுரீர். முதல் தடவை சாப்பிட்டபோது, கெட்டுப்போன பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுநாள் குளிர்பெட்டியைத் திறந்து மிச்சத் துண்டைத் தேடியதும் நான்தான்.

செம்மறியாட்டுப் பாலில் நீலப் பூஞ்சை வளர்த்துச் சீஸ் செய்வது ஒன்றும் கடவுள் ரகசியம் அல்ல. பக்குவம் தெரிந்தவர்கள் எங்கும் செய்யலாம், செய்கிறார்கள். பிரான்சின் மில்லோ நகர நீதிமன்றமே 1961இல் இதை ஒப்புக்கொண்டது. தென் பிரான்சில் பல இடங்களில் இதே முறையில் செய்யலாம், ஆனால் ரோக்ஃபோர் என்ற பெயர் வேண்டுமென்றால் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற ஊரில், கொம்பாலு குன்றின் இயற்கைக் குகைகளில் முதிர்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. செய்முறை ஊருக்குப் பொது. பெயர் குன்றுக்குச் சொந்தம். நிலத்துக்குப் பட்டா கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். இது, ஒரு குன்றுக்குள் வீசும் காற்றுக்குக் கொடுத்த பட்டா.

இடிந்து விழுந்த மலை

தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில், அறுநூறு பேர்கூட முழுதாக இல்லாத சிற்றூர் ரோக்ஃபோர். பிரெஞ்சில் எழுதும்போது பெயரின் கடைசியில் வரும் 'ட்' ஒலிப்பதில்லை. ஊருக்கு முதுகுப்புறம் கொம்பாலு என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மேலே கனத்த சுண்ணாம்புப் பாறை, அடியில் வழுக்கும் களிமண் படுகை. நீர் இறங்கி இறங்கி, வெகு காலத்துக்கு முன் மேட்டின் வடக்கு விளிம்பு பெயர்ந்து சரிந்தது. வீடளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாறுமாறாகக் கிடக்க, அவற்றுக்கிடையே ஏராளமான இடுக்குகள் உருவாயின. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள இந்தச் சரிவுக் குவியல்தான் ரோக்ஃபோரின் மொத்தச் சொத்து.

பாறைக்குள் மேலிருந்து கீழ்வரை ஓடும் பிளவுகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஃப்ளோரின். வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி பெய்தாலும், இந்தப் பிளவுகள் வழியே மலையின் வயிற்றிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்றுக்கும் மலைக்குள் இருக்கும் காற்றுக்குமான வெப்ப வேறுபாடுதான் அதை இயக்குகிறது. குகைக்குள் வெப்பம் 8 முதல் 12 டிகிரிக்குள் நிற்கும். ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் இப்படி ஓர் அறை கிடைத்தால் விடுவார்களா? பாறையிடுக்கையே பின்சுவராக வைத்துப் பல அடுக்கு நிலவறைகளைக் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு மாதிரி இருக்கும். உள்ளே படியிறங்கினால் அடுக்கடுக்காக ஓக் மரப் பலகைகள், அவற்றில் சக்கரம் நிறுத்தியதுபோல் விளிம்பில் நிற்கும் சீஸ் வட்டுகள்.

ஃப்ளோரின் வாயில் சின்னக் கதவு இருக்கும். நிலவறையைப் பார்த்துக்கொள்பவர் அதைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் சாத்துவார். அன்றைய காற்று என்ன சொல்கிறதோ அதற்கேற்ப. கேட்க எளிமையாக இருக்கிறது. ஒரு பருவத்தின் சரக்கு முழுவதும் அந்தக் கதவில்தான் தொங்குகிறது.

பன்னிரண்டு லிட்டர் பால், நாற்பது துளை

பால் லக்கோன் என்ற ஒரே இனத்துச் செம்மறியிலிருந்துதான் வர வேண்டும். அவேரோனும் அதை ஒட்டிய லொஸேர், தார்ன், ஓத், எரோ, கார் மாவட்டங்களின் சில பகுதிகளும் சேர்ந்த வட்டாரத்துக்குள் கறந்ததாக இருக்க வேண்டும். பாலைக் காய்ச்சக் கூடாது. பிறந்த குட்டி ஏறக்குறைய ஒரு மாதம் தாயிடம் குடிக்கும். அதற்குப் பிறகே கறவை தொடங்கும். ஆடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஈனும்படி பார்த்துக்கொள்வதால் கறவைக் காலம் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜூலை வரை. மற்ற மாதங்களில் புதுப் பால் கிடையாது. கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறதே என்றால், அதற்கு வேறு காரணம் உண்டு. அது வெள்ளீயத் தாளில் இருக்கிறது.

செம்மறிப் பால் பசும்பால் மாதிரி அல்ல. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இதில் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புரதமும் அதே விகிதத்தில் கூடுதல். பசும்பாலுக்கு மஞ்சள் சாயல் தரும் கரோட்டின் இதில் கிட்டத்தட்ட இல்லை. ரோக்ஃபோர் தந்தம்போல் வெளுத்திருப்பது அதனால்தான். ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் பால் தேவைப்படும். ஒரு வட்டு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. ஆக, ஒரு வட்டுக்குள் பன்னிரண்டு லிட்டர் பால், அதாவது ஆறேழு ஆடுகளின் ஒரு நாள் கறவை அடங்கியிருக்கிறது. விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

வெதுவெதுப்பான பாலில் ரென்னட் சேர்த்து உறைய வைக்கிறார்கள். ரென்னட் என்பது பால்குடிக்கும் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. ரோக்ஃபோருக்கு விலங்கு ரென்னட்தான் விதி. அதனால் இது சைவப் பண்டம் அல்ல. சைவ உணவுக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. உறைந்த பாலைச் சிறு கட்டிகளாக அறுத்து, கலக்கி, துளையிட்ட அச்சுகளில் அள்ளிப் போடுவார்கள். மேலே பாரம் வைத்து அழுத்தக் கூடாது. திருப்பித் திருப்பி வைத்தாலே தண்ணீர் தானாக வடிந்துவிடும். அழுத்தினால் உள்ளே இருக்கும் இடைவெளிகள் அடைபட்டுப் போகும். பூஞ்சை குடியேறுவது அந்த இடைவெளிகளில்தான்.

அந்த இடைவெளிகளை உண்டாக்குவதில் ஒரு பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பெயர் லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆள் நமக்கு நன்றாகவே பழக்கம். இரவு ஆட்டி வைத்த இட்லி மாவைக் காலையில் பாத்திரத்தின் விளிம்புவரை பொங்க வைப்பது இதே இனம்தான். இட்லி மாவில் அது விடும் வாயு, ஆவியில் வெந்ததும் இட்லியின் மெத்தைத்தன்மையாக நிற்கிறது. ரோக்ஃபோரில் அதே வாயு உறைபாலுக்குள் பொந்துகளைத் திறந்து வைக்கிறது. நம் வீட்டு அடுப்படியிலும் அவேரோன் பால்பண்ணையிலும் ஒரே கூலிக்காரன், வேறு வேறு வேலை.

உலர் உப்பை மேலே தேய்த்து ஊற விட்ட பிறகு வருகிறது ஊசி. வட்டின் மேல்பரப்பில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்கி ஏறும். பூஞ்சைக்கு மூச்சு வேண்டும். உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறி, காற்று உள்ளே போக வழி வேண்டும். வெட்டிய முகத்தில் நேர்கோடாகத் தெரியும் நீலம் இந்த ஊசித் துளையோரம் வளர்ந்த பூஞ்சை.

ரொட்டியில் விளையும் நீலம்

அந்தப் பூஞ்சை எங்கிருந்து வருகிறது? ஊரில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே: இடையன் ஒருவன் ரொட்டியையும் ஆட்டுப்பால் சீஸையும் குகையில் வைத்துவிட்டு, தூரத்தில் தெரிந்த பெண்ணைத் தேடிப் போய்விட்டான், நாட்கள் கழித்துத் திரும்பினால் எல்லாம் நீலம் பூத்திருந்தது, பசியில் தின்றான், ருசித்தது. இந்தக் கதையில் காதலை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ரொட்டியை மட்டும் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஏனென்றால் பரம்பரையாகப் பூஞ்சையை வளர்த்தது ரொட்டியில்தான். ரை மாவும் கோதுமை மாவும் கலந்து, வெளியே கருகும் அளவுக்கும் உள்ளே ஈரம் தங்கும் அளவுக்கும் சுட்ட பெரிய ரொட்டிகளைக் குகையில் வைப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பூஞ்சை ரொட்டியின் உள்ளே முழுதும் பரவிவிடும். அதை உலர்த்திப் பொடித்துச் சலித்தால் கிடைக்கும் பச்சை கலந்த நீலத்தூள்தான் வித்து. பாலிலோ உறைபாலிலோ ஒரு சிட்டிகை போதும். இன்று பெரும்பகுதி ஆய்வகத்தில் வளர்த்த வித்து. ஆனாலும் அது இந்த வட்டாரக் குகைகளிலிருந்து எடுத்த பூஞ்சை வகையின் வழிவந்ததாக இருக்க வேண்டும். ரொட்டி சுடும் பழக்கத்தை இன்னமும் கைவிடாத தயாரிப்பாளர்களும் ஊரில் உண்டு.

இந்தப் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் வைத்தவர் சார்லஸ் தாம் என்ற அமெரிக்கப் பூஞ்சையியலாளர். 1906இல் அவர் வைத்த பெயர் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி. இங்கேதான் வேடிக்கை. தன் பெயரை யாரும் தொடக் கூடாது என்று நீதிமன்றப் படியேறிய ஊரின் பெயரை, ஓர் அறிவியல் கட்டுரை உலகத்துக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டில்டன், இத்தாலியின் கார்கன்ஸோலா, டென்மார்க்கின் டானாப்ளூ என நீலச் சீஸ்களுக்குள் எல்லாம் இருப்பது ரோக்ஃபோர்ட்டிதான்.

நீல நிறம் பூஞ்சையின் வித்துகளில் இருக்கும் மெலனின் வகை நிறமியால் வருவது. அந்த நிறமி உருவாகும் படிகளில் ஒன்றை நிறுத்தினால் நிறம் மாறிப்போகும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி வெள்ளை, மஞ்சள் கலந்த பச்சை, செம்பழுப்பு நிறங்களில் பூஞ்சையை வளர்த்துக் காட்டி 2024இல் கட்டுரை வெளியிட்டார்கள். காரமும் மணமும் வேறு வழி. பூஞ்சை விடும் நொதி பாலின் கொழுப்பை அறுக்கிறது. விடுபடும் கொழுப்பு அமிலங்களில் சிலவற்றை அது மீதைல் கீட்டோன்களாக மாற்றுகிறது. நீலச் சீஸ் என்றதும் மூக்கில் ஏறும் அந்த வாசனை பெரும்பாலும் இவற்றால்தான். கொழுப்பு அதிகமுள்ள செம்மறிப் பாலில் அறுப்பதற்குச் சரக்கும் அதிகம். அதனால்தான் பசும்பால் நீலச் சீஸ்களைவிட ரோக்ஃபோர் ஓங்கிக் குரல் கொடுக்கிறது.

வீட்டில் ரொட்டியில் பூக்கும் பூசணமும் இதுவும் ஒன்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கே எந்தப் பூஞ்சை பூத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

தாள் சுற்றும் பெண்கள்

குகையில் திறந்த உடம்போடு இருக்க வேண்டிய குறைந்தபட்ச நாட்கள் 14. பூஞ்சை போதிய அளவு பரவிவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொரு வட்டையும் வெள்ளீயத் தாளில் சுற்றி மூச்சை அடக்குகிறார்கள். இந்த வேலையைக் கையால் செய்துவந்த பெண்களுக்குக் கபானியேர் என்று பெயர். குகைக் குளிரில் நின்றபடி, தாளை வட்டின் உடம்போடு ஒட்ட நீவிவிடும் கை வேகம் அவர்களுடையது. ஊரின் பழைய படங்களில் வெள்ளைத் துணி உடுத்தி வரிசையாக நிற்பவர்கள் இவர்கள்தான்.

தாள் சுற்றிய பிறகு வட்டு குளிரூட்டப்பட்ட அறைக்குப் போகிறது. அங்கே பூஞ்சை வேலையைக் குறைத்துக்கொள்ள, மெதுவாக முதிர்கிறது. பால் உறைந்த நாளிலிருந்து குறைந்தது 90 நாட்களுக்கு முன் விற்கக் கூடாது. குளிரின் அளவைக் கூட்டிக் குறைத்து மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம். ஆடு கறக்காத அக்டோபரிலும் கடையில் ரோக்ஃபோர் இருப்பது இப்படித்தான்.

அப்படியானால் 90 நாளில் குகைக்குக் கட்டாயம் 14 நாள்தான். இவ்வளவு பெரிய வழக்கெல்லாம் அந்தப் பதினான்கு நாளுக்காகவா என்று கேட்பவர்கள் பிரான்சிலேயே உண்டு. நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பூஞ்சை மரபணு ஆய்வு ஒன்றைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை.

பெயருக்காக நடந்த வழக்குகள்

பழம்பெருமைப் பட்டியலை முதலில் கழித்துவிடலாம். ரோமானியரான பிளினி ரோக்ஃபோரைப் புகழ்ந்தார் என்று சுற்றுலாக் கையேடுகளில் இருக்கும். அவர் புகழ்ந்தது அந்த வட்டாரத்துக்கு அருகிலிருந்து ரோமுக்கு வந்த சீஸை. நீலம் என்றோ ரோக்ஃபோர் என்றோ அவர் எழுதவில்லை. பேரரசர் ஷார்லமேன் ஒரு பிஷப் வீட்டில் சீஸின் பூசணப் பகுதியைக் கத்தியால் தோண்டி எறிய, அதுதான் சிறந்த பகுதி என்று பிஷப் சொல்ல, ஆண்டுக்கு இரண்டு வண்டி அனுப்பச் சொன்னாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிய துறவி ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

ஆவணம் என்று கையில் பிடிக்கக்கூடியது 1411. ஆறாம் சார்லஸ் மன்னர், இந்தச் சீஸை முதிர வைக்கும் உரிமை ரோக்ஃபோர் மக்களுக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுத்தார். 1666இல் துலூஸ் நகர உயர்மன்றம் போலி ரோக்ஃபோர் விற்பவர்களுக்குத் தண்டனை விதித்தது. 1925 ஜூலை 26ஆம் தேதி பிரான்ஸ் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. தோற்ற இடத்தின் பெயருக்குச் சட்டக் காப்பு பெற்ற முதல் பிரெஞ்சுச் சீஸ் இது. நாம் இன்று புவிசார் குறியீடு என்று சொல்வதன் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு 1996இல் வந்தது.

எல்லைக்கு வெளியே சண்டை வேறு மாதிரி. டென்மார்க்கில் பசும்பாலில் நீலச் சீஸ் செய்து 'டேனிஷ் ரோக்ஃபோர்' என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். 1951இல் இத்தாலியின் ஸ்ட்ரெஸாவில் சில ஐரோப்பிய நாடுகள் சீஸ் பெயர்கள் குறித்து ஒப்பந்தம் போட்டபோது ரோக்ஃபோர் என்ற பெயர் பிரான்சுக்கே என்றானது. டென்மார்க் சரக்கு டானாப்ளூ ஆனது. அமெரிக்காவில் ஓர் இறக்குமதியாளர் ஹங்கேரி, இத்தாலி நாடுகளில் செம்மறிப் பாலில் செய்த நீலச் சீஸை ரோக்ஃபோர் என்று விற்றார். ரோக்ஃபோர் ஊர் நிர்வாகம் நியூயார்க்குக்குப் போய் வழக்காடி 1962இல் ஜெயித்தது. அறுநூறு பேர் ஊருக்கு இவ்வளவு நீளமான கை.

கை நீண்டதற்குக் காரணம் பணம். 19ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் சேர்ந்து உருவாக்கிய சொசியேத்தே என்ற நிறுவனம் குகைகளில் பெரும்பகுதியைக் கைக்குள் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பால் போதாமல் பிரனே மலைப்பகுதியிலிருந்தும் கார்சிகா தீவிலிருந்தும்கூட ஒரு காலத்தில் பால் வாங்கி, அங்கேயே உறைய வைத்து, வெள்ளைச் சீஸாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து ரோக்ஃபோர் குகையில் முதிர வைத்தார்கள். இடத்தின் பெருமை பேசும் பண்டம் இப்படியும் செய்யப்பட்டது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பால் வட்டாரத்தைச் சுருக்கிக் கட்டிய விதி பிற்பாடு வந்தது. விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் பொதுக் கூட்டமைப்பு 1930இல் உருவானது. சிவப்பு ஆட்டு முத்திரை அதன் உடைமை. இன்று தயாரிப்பாளர்கள் ஏழு பேர்தான். பாதிக்கு மேல் சொசியேத்தே. அது 1990களிலிருந்து லாக்டாலிஸ் என்ற பன்னாட்டுப் பால் நிறுவனத்தின் கையில்.

ஈஃபில் கோபுரத்தடியில் ஆடுகள்

ரோக்ஃபோர் பாலின் ஒரு பகுதி வருவது பக்கத்து லார்ஸாக் மேட்டுநிலத்திலிருந்து. 1971இல் பிரான்ஸ் அரசு அங்கிருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தது. நிலத்தை விற்க மாட்டோம் என்று 103 விவசாயிகள் 1972இல் உறுதிமொழி எடுத்தார்கள். அதே ஆண்டு அறுபது ஆடுகளைப் பாரிசுக்கு ஓட்டிப்போய் ஈஃபில் கோபுரத்தடியில் மேய விட்டார்கள்.

இந்தப் போராட்டம் கல்லெறியில் முடியாமல் பத்தாண்டு அமைதியாக நடந்ததற்கு ஒரு காரணம் நமக்குத் தெரிந்த திசையிலிருந்து வந்தது. இத்தாலியில் பிறந்த லான்ஸா தெல் வாஸ்தோ 1930களில் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு தங்கியவர். சாந்திதாஸ் என்று காந்தி பெயர் வைத்தார். அவர் அமைத்த ஆசிரமம் லார்ஸாக்கின் அருகிலேயே இருந்தது. 1972இல் அவர் லார்ஸாக்குக்கு வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆடு மேய்ப்பவர்கள் சத்தியாக்கிரகம் பழகியது இப்படி. 1981இல் மித்தரான் பிரான்ஸ் அதிபராக ஆட்சிக்கு வந்ததும் முகாம் விரிவாக்கம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டத்தின்போது லார்ஸாக்கில் ஒரு காலிப் பண்ணையில் குடியேறி ஆடு வளர்த்தவர்களில் ஒருவர் ஜோஸே போவே. அவருடைய முறை 1999இல் வந்தது. ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா உள்ளே விடவில்லை. உலக வர்த்தக அமைப்பின் அனுமதியோடு அமெரிக்கா பதிலடியாக ரோக்ஃபோர், கடுகு விழுது முதலிய ஐரோப்பியப் பண்டங்களுக்கு 100 சதவீத வரி போட்டது. மாட்டுச் சண்டையில் அடி வாங்கியது ஆடு. ஆகஸ்ட் 12ஆம் தேதி, மில்லோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் போவேயும் ஆட்டுப்பால் விவசாயிகளும் பட்டப்பகலில் பிரித்துப் போட்டார்கள். கைவிலங்கு மாட்டிய கைகளை உயர்த்திச் சிரிக்கும் போவேயின் படம் உலகம் சுற்றியது. பிறகு சிறைக்கும் போனார், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனார்.

2009 ஜனவரியில் புஷ் அரசு பதவி விலகும் தறுவாயில் வரியை 300 சதவீதமாக்க உத்தரவிட்டது. பட்டியலில் அவ்வளவு உயர்த்தப்பட்டது ரோக்ஃபோர் ஒன்றுக்குத்தான். சில மாதங்களில் மாட்டிறைச்சி குறித்து இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வர, அது நடைமுறைக்கு வரவில்லை.

மரபணு சொன்ன சாட்சி

முன்பு சொன்ன பதினான்கு நாள் கேள்விக்கு வருகிறேன். பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டியின் மரபணுக்களை ஒப்பிட்டு பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீஸில் வாழும் இந்தப் பூஞ்சை இரண்டு வேறு குடும்பங்களாகப் பிரிந்திருப்பது அதில் தெரிந்தது. ஒன்று ரோக்ஃபோரில். மற்றது உலகின் ஏனைய நீலச் சீஸ்களில். இரண்டாவது குடும்பம் தொழிற்சாலைக்கு ஏற்றது: சீஸுக்குள் வேகமாகப் பரவும், உப்பைத் தாங்கும். ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. வேகமாக வளரும் ஒன்றிரண்டைப் பொறுக்கி அதையே உலகம் முழுக்கப் பெருக்கியதன் விளைவு அது.

ரோக்ஃபோர்க் குடும்பத்தில் வேற்றுமை அதிகம் மிஞ்சியிருக்கிறது. சீஸில் மெதுவாக வளர்கிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மெதுவாக வளர்வது குறையா, கொடையா? மாதக்கணக்கில் கெடாமல் வைக்க அதுதான் வசதி. ரொட்டியில் போட்டால் வித்தை அள்ளிக் கொட்டுகிறது. ரொட்டியில் நன்றாக விளைந்ததையே தலைமுறை தலைமுறையாக அடுத்த ரொட்டிக்கு எடுத்த கைகளின் தடம் மரபணுவில் பதிந்திருக்கிறது. உள்ளூர் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருந்ததால், சந்தையின் ஒற்றை வேகப் பூஞ்சை உள்ளே நுழைய முடியவில்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெயரைக் காப்பாற்றப் போட்ட வேலி, யாரும் எண்ணிப் பார்க்காத ஓர் உயிர்வகையையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது. பதினான்கு நாள் என்பது அளவில் சிறியதுதான். அதைச் சுற்றிக் கட்டிய விதிகள்தான் பெரியவை.

வேலிக்கு உள்ளிருந்தும் நெருக்கடி வருகிறது. 2019இல் சொசியேத்தே, பாலைச் சூடாக்கிச் செய்த, காரம் குறைந்த செம்மறிப்பால் நீலச் சீஸ் ஒன்றைத் தன் பெயரிலேயே கொண்டுவந்தது. ரோக்ஃபோர் என்று போடவில்லை. பொதியோ பார்த்தால் அண்ணன் தம்பி. இளைய தலைமுறைக்குக் காரம் பிடிப்பதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். ரோக்ஃபோரின் வாசலில் நின்றே ரோக்ஃபோரின் வாடிக்கையாளரைத் திருப்புகிறார்கள் என்று போவே உள்ளிட்டவர்கள் கொதித்தார்கள். நிறுவனத்தின் வாதத்தில் வியாபார நியாயம் உண்டு; பொதியை அப்படி வடிவமைத்ததில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

உணவுப் பொதிகளில் 'A' முதல் 'E' வரை மதிப்பெண் போடுவதுபோன்ற நியூட்ரி-ஸ்கோர் முறையிலும் ரோக்ஃபோருக்குக் கடைசி வரிசைதான். கொழுப்பும் உப்பும் அவ்வளவு. 2021இல் தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று கூட்டமைப்பு கேட்டது. செய்முறையை மாற்றச் சட்டம் விடாது, மாற்றாவிட்டால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் யாரும் இதைக் கால் கிலோ அள்ளிச் சாப்பிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சாத பால் என்பதால் கருவுற்ற பெண்கள் தவிர்க்கச் சொல்வார்கள். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. லிஸ்டீரியா கிருமி ஊர்ப் பெருமை பார்ப்பதில்லை.

2024 கோடையில் அவேரோன் பட்டிகளில் நீலநாக்கு நோய் கடுமையாகப் பரவியது. நம் ஊர் ஆடு வளர்ப்பவர்களுக்கும் பழக்கப்பட்ட நோய்தான். கொசு போன்ற ஒரு வகைச் சிறு ஈ கடித்துப் பரவுவது. ஆடுகள் செத்தது ஒரு பக்கம். பிழைத்தவற்றில் கரு கலைந்தால் அந்தப் பருவத்துப் பாலும் இல்லை. வேறு இனத்து ஆட்டையோ வேறு வட்டாரத்துப் பாலையோ வைத்து ஈடுகட்டவும் விதி விடாது.

சாப்பிட நினைப்பவர்களுக்கு: ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். கத்தி வைத்தால் நீலப் பகுதி அப்பிக்கொண்டு வரும், கட்டி உதிரும். அவேரோனில் இதற்கென்றே மெல்லிய கம்பி கட்டிய அறுப்பான் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் நல்ல நூல் இருந்தால் போதும், இட்லித் துணியிலிருந்து உருவியதாக இல்லாமல். பேரிக்காய்த் துண்டு, அக்ரூட் பருப்பு, கொஞ்சம் ரை ரொட்டி. சுண்டுவிரல் நுனி அளவு எடுத்து, முதலில் வெள்ளைப் பகுதியை மட்டும், பிறகு நீலம்.